திருவரங்கத்து மருத்துவர் டாக்டர் தி.சே.சௌ. ராஜன்

தமிழ்நாட்டு விடுதலைப் போராட்ட வரலாற்றில் டாக்டர் ராஜன் என்ற பெயர் பெரும்பாலும் ஒரு வீட்டின் முகவரியாகவே நினைக்கப்படுகிறது. 1930 ஏப்ரல் 13-ஆம் நாள் ராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் வேதாரண்யத்துக்குப் புறப்பட்டது திருச்சி கன்டோன்மென்ட் பகுதியில் இருந்த அவருடைய இல்லத்திலிருந்துதான். உப்பு யாத்திரையைப் பற்றி எழுதுவோர் அந்த வாசலைக் கடந்ததும் ராஜனையும் கடந்துவிடுகின்றனர். அவர் மருத்துவர் என்பதும், தென்னாட்டு மக்களின் நல்வாழ்வைக் காக்கும் ஒரு பெருஞ்சட்டம் அவர் பொறுப்பில் இருந்தபோது உருவாயிற்று என்பதும், முதுமையில் தமிழ் உரைநடைக்கு நல்ல நூல்களைத் தந்தார் என்பதும் பின்னுக்குப் போய்விட்டன.

அவர் 1880-இல் திருவரங்கத்தில் வைணவ அந்தணர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அக்காலத் திருவரங்கம் எப்படிப்பட்ட ஊர் என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அவர் தேர்ந்த தொழிலின் பொருள் விளங்கும். இருபுறமும் ஆறு, நடுவே ஏழு மதில்கள், மதில்களுக்கிடையே நெருங்கிய வீதிகள். மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து விழாக்களுக்கும், ஆடிப் பதினெட்டுக்கும் வெளியூர் மக்கள் வந்து குவிவார்கள். குளிக்கும் நீரும் குடிக்கும் நீரும் துணி வெளுக்கும் நீரும் ஒரே காவிரி நீர். விழா முடிந்து மக்கள் ஊர் திரும்பும்போது வாந்திபேதியும் அவர்களோடு சேர்ந்தே நடந்தது. தொட்டியம், முசிறி தொடங்கி லால்குடி வரையிலான வடகரைச் சிற்றூர்களும், குளித்தலை முதலிய தென்கரை ஊர்களும், கீழே தஞ்சைக் கழனிகளும் ஆற்று நீரால் பிழைத்தன; சில ஆண்டுகளில் அந்த நீராலேயே மாய்ந்தன. காலையில் ஏர் பூட்டியவன் மாலையில் இல்லை என்பது அக்காலத்தில் மிகையான பேச்சன்று.

வாந்திபேதியை உண்டாக்கும் கிருமியை ராபர்ட் கோக் கல்கத்தாவில் ஆய்ந்து உறுதி செய்தது 1884-இல். அப்போது ராஜன் நான்கு வயதுக் குழந்தை. கொள்ளை நோய்க்குக் காரணம் தெய்வத்தின் சினமோ காற்றின் கேடோ அன்று, ஒருவர் கழிவு மற்றொருவர் குடிநீரில் கலப்பதுதான் என்ற செய்தி ஐரோப்பாவில் நிலைபெற்றுக்கொண்டிருந்தது. காவிரிக் கரைக்கு அது வந்து சேர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. இதற்கிடையில் வளர்ந்த ஒரு வைதிகக் குடும்பத்துப் பிள்ளை சென்னைக்குச் சென்று இராயபுரம் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். பிணத்தைத் தொட்டு அறுத்துக் கற்க வேண்டிய படிப்பு அது. குல ஆசாரம் எதையெல்லாம் விலக்கியதோ அதையெல்லாம் கையால் தொட்டால்தான் மருத்துவனாக முடியும்.

இராயபுரம் பள்ளியைச் சார்ந்திருந்த மருத்துவமனையைச் சென்னை மக்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று அழைத்தனர். பஞ்சத்தில் வந்தவர்களுக்குக் கஞ்சி வார்த்த இடமே மருத்துவமனையாயிற்று. பெயர் மட்டும் நின்றுவிட்டது. பசியும் நோயும் ஒரே வாசலில் வரும் என்ற பாடத்தைப் புத்தகம் இல்லாமலே கற்பித்த இடம் அது.

படிப்பு முடிந்ததும் ராஜன் பர்மாவுக்குச் சென்றார். அக்காலத்தில் இரங்கூன் பாதி தமிழ் ஊர். வட்டிக்கடை நடத்திய நகரத்தார் முதல் துறைமுகத்தில் மூட்டை சுமந்த கூலிகள் வரை நம்மவர் அங்கே நிறைந்திருந்தனர். சீனத்திலிருந்து ஹாங்காங் வழியாக 1896-இல் பம்பாய்க்கு வந்த பிளேக் என்னும் கொள்ளை நோய் 1905-இல் இரங்கூனுக்கும் வந்தது. கப்பல், அரிசி மூட்டை, எலி, நெருக்கமான குடியிருப்பு ஆகியவற்றின் வழியே நோய் நகரும் விதம் அந்நாளைய துறைமுக நகரங்களில் எல்லாருடைய கண்ணுக்கும் எதிரே நடந்த காட்சி.

1907-இல் அவர் மேற்படிப்புக்காக இலண்டன் சென்றார். அங்கே அவருக்கு மருத்துவக் கல்வி ஒரு புறமும் அரசியல் கல்வி மறுபுறமும் நடந்தன. வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் அதே காலத்தில் சட்டம் பயில இலண்டனுக்கு வந்திருந்தார். இருவரும் திருச்சி மண்ணில் பிறந்தவர்கள். இருவருக்கும் இந்தியா ஹவுஸ் விடுதியில் சாவர்க்கரின் தொடர்பு கிடைத்தது. ஐயர் புரட்சிப் பாதையில் முழுவதும் இறங்கினார். ராஜன் அந்த வட்டத்தின் உள்ளே இருந்தபடியே படிப்பையும் விடாமல் நடத்தினார். இதைச் சிலர் அச்சம் எனக் கருதக்கூடும். 1909 ஜூலையில் கர்சன் வைலி சுடப்பட்ட பிறகு அந்த விடுதியோடு பழகிய ஒவ்வோர் இந்தியனின் பின்னாலும் ஒற்றர் நடந்தனர் என்பதை எண்ணினால், அச்சமுள்ளவர் அங்கே தொடர்ந்து இருந்திருக்க முடியாது என்பது தெளிவு.

அந்த ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் இலண்டன் இந்தியர் விஜயதசமி விருந்து ஒன்று நடத்தினர். சமையல் ஏற்பாட்டைக் கவனித்தவர்களுள் ராஜனும் ஒருவர். விருந்துக்குப் பல மணி நேரம் முன்பே மெலிந்த உருவம் கொண்ட ஒருவர் வந்து, எவரும் ஏவாமலே பாத்திரம் கழுவுவதிலும் காய்கறி நறுக்குவதிலும் சேர்ந்துகொண்டார். தம்மோடு வேலை செய்பவர் யார் என்று ராஜன் முதலில் அறியவில்லை. அன்றைய விருந்தின் தலைவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த காந்தி என்பதும், அவரே இவர் என்பதும் பின்னர்தான் தெரிய வந்தன. அதே மேடையில் சாவர்க்கரும் பேசினார். ராஜனின் வாழ்க்கை அந்த இருவருள் யாரைப் பின்பற்றப் போகிறது என்பது அன்று அவருக்கே தெரிந்திருக்காது. எச்சில் பாத்திரத்தை விருந்துத் தலைவரே கழுவினார் என்ற செய்தி மட்டும் அந்த மருத்துவர் மனத்தில் ஆழமாகத் தங்கிவிட்டது. பல ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் அதை நினைவுகூர்ந்தார்.

1910-இல் சாவர்க்கர் கைதானார். ஐயர் மாறுவேடத்தில் தப்பி அந்த ஆண்டு இறுதியில் புதுவை சேர்ந்தார். ராஜன் எம்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார். இந்தியன் மெடிக்கல் சர்வீஸ் என்ற அரசு மருத்துவப் பணியின் உயர்நிலைகள் ஆங்கிலேயர் கையில் இருந்த காலம். தனியாகத் தொழில் நடத்தும் இந்திய அறுவை மருத்துவர் மாவட்டத் தலைநகரங்களில் அரியர். திருச்சியில் அவர் தொழிலைத் தொடங்கினார். நாளடைவில் தமக்கென மருத்துவமனையும் அமைத்தார்.

அந்தத் தலைமுறை மருத்துவர்களின் நிலையை இன்றைய வாசகர் சற்றே கற்பனை செய்துகொள்ள வேண்டும். கையில் இருந்த மருந்துகள் சில. கொல்லும் நோய்கள் பல. மலேரியாவுக்குக் கொயினா உண்டு. அம்மைக்குக் குத்தூசி உண்டு. ஆனால் சமயபுரத்தாளின் எல்லைக்குள் அம்மை குத்த வருபவரைக் கண்டால் தாய்மார் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினர். வாந்திபேதிக்கு நரம்பில் உப்புநீர் ஏற்றும் முறையை லியனார்ட் ராஜர்ஸ் கல்கத்தாவில் செம்மைப்படுத்தியிருந்தார். ஊர்ப்புறத்திலோ வாந்திபேதி கண்டவனுக்குச் சொட்டுத் தண்ணீரும் தரலாகாது என்ற நம்பிக்கை. தாகத்தோடு செத்தவர் கணக்கில் அடங்கார். உயிரைக் காக்க வேண்டியது உப்பும் நீரும் மட்டுமே என்ற எளிய உண்மை வாய்வழிக் கரைசலாக வீடுகளுக்கு வந்து சேர 1970-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பென்சிலின் முதலிய மருந்துகள் வராத அந்நாளில், நோய் வந்த பின் மருத்துவரால் செய்யக்கூடியது குறைவு; வரும் முன் ஊரால் செய்யக்கூடியதே மிகுதி. கத்தியில் தேர்ந்த அறுவை மருத்துவர் சாக்கடையையும் கிணற்றையும் பற்றிக் கவலை கொள்ளும் நிலைக்கு வந்தது இந்த வழியாகத்தான்.

1919-இல் ரௌலட் சட்ட எதிர்ப்பில் ராஜன் காங்கிரசுக்குள் வந்தார். ராஜாஜியின் நெருங்கிய தோழரானார். வருவாய் தரும் தொழிலை நடுவில் நிறுத்திச் சிறை சென்று, திரும்பி வந்து மீண்டும் தொடங்குவது அவர் வாழ்க்கையின் வழக்கமாயிற்று. 1925-இல் நிகழ்ந்த ஒன்றை இங்கே மறைக்க வேண்டியதில்லை. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி வைத்த பூசல் தமிழ்நாட்டைக் கலக்கியது. தேசிய இயக்க நிறுவனங்களில் பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்னும் தீர்மானம் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியில் நிறைவேறியபோது, ராஜாஜியோடு சேர்ந்து கமிட்டியிலிருந்து விலகியவர்களுள் ராஜனும் இருந்தார். நட்பின் பொருட்டா, கட்டாயம் கூடாது என்ற கருத்தாலா என்று வாதிடலாம். எப்படிக் கொண்டாலும் அன்று அவர் நின்ற இடம் காலத்துக்குப் பின்தங்கிய இடம். அந்த ஜூன் மாதமே பாபநாசத்து அருவியில் ஐயர் மறைந்தார்.

அடுத்த பத்தாண்டுகளில் ராஜன் நடந்த தொலைவு பெரிது. 1930 உப்பு யாத்திரைக்குப் புறப்பட்ட தொண்டர்கள் நாமக்கல் கவிஞர் வெ. ராமலிங்கம் பிள்ளை அதற்கென எழுதிய வழிநடைப் பாடலைப் பாடிக்கொண்டே சென்றனர். அவர்களுக்கு உணவோ இடமோ தருபவர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சை மாவட்டக் கலெக்டர் தார்ன் ஆணையிட்டார். ஊரார் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டிவைத்து அதற்கு விடை சொன்னார்கள். அந்தப் போராட்டத்தில் ராஜனும் சிறைப்பட்டார். 1932-இல் அரிஜன சேவா சங்கம் தோன்றியபோது அதன் தமிழ்நாட்டுப் பணியில் தலைமைப் பொறுப்பேற்றார். 1934-இல் காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புக்காகத் தமிழ்நாடு முழுவதும் மேற்கொண்ட பயணத்தில் பங்கு கொண்டார். சேரிகளுக்குள் சென்ற மருத்துவரின் கண்ணில் பட்டது தீண்டாமை மட்டுமன்று. ஊர்க் கிணறு மறுக்கப்பட்டவர்கள் குட்டையில் மொண்டு குடித்தனர். கொள்ளை நோய் முதலில் அவர்கள் குடிசையில் புகுந்தது. தீட்டு என்ற பெயரால் ஒதுக்கியவர்களையும் தொற்று ஒதுக்கவில்லை என்பது பின்னர் மேட்டுத் தெருவுக்குத் தெரிந்தது. தமிழில் இவ்விரு சொற்களும் தொடுதலைச் சுற்றியே பிறந்தவை. ஒன்று மனிதன் கற்பித்துக்கொண்டது, மற்றொன்று மெய்யானது. கற்பனையை அஞ்சி மெய்யை அஞ்சாதிருந்த சமூகத்தில் ஒரு மருத்துவருக்கு இருமுனை வேலை இருந்தது.

மத்திய சட்டசபையில் சில காலம் இருந்த பின், 1937 ஜூலை 14-இல் ராஜாஜி அமைத்த சென்னை மாகாண அமைச்சரவையில் ராஜன் இடம்பெற்றார். அவருக்குக் கிடைத்த துறைகள் இரண்டு: பொதுச் சுகாதாரமும் அறநிலையங்களும். பார்ப்பதற்குத் தொடர்பில்லாத இணைப்பு. திருவரங்கத்தில் பிறந்த மருத்துவருக்கோ அதைவிடப் பொருத்தமான இணைப்பு இருக்க முடியாது. கோயில் விழாவும் வாந்திபேதியும் ஒரே வீதியில் நடப்பதைச் சிறுவயது முதல் கண்டவர் அவர்.

அவர் வெறும் நிலத்தில் தொடங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1899-இல் நிறுவப்பட்ட கிண்டி கிங் நிலையம் அம்மைப் பாலையும் தடுப்பு மருந்துகளையும் தயாரித்து வந்தது. 1920-களில் மாவட்டந்தோறும் சுகாதார அதிகாரிகளைக் கொண்ட தனித்துறையைச் சென்னை மாகாணம் அமைத்திருந்தது. அதன் இயக்குநராக இருந்த ரஸ்ஸல், சுந்தரராஜன் என்ற புள்ளியியலாளரோடு சேர்ந்து வாந்திபேதியின் ஏற்ற இறக்கத்தை ஆராய்ந்து 1928-இல் நூல் வெளியிட்டார். ஏறத்தாழ ஆறாண்டுக்கு ஒருமுறை நோய் பெருகும் போக்கை அது சுட்டியது. அறிவு இருந்தது, ஆள்களும் இருந்தனர், இல்லாதது ஒன்றே. கிணற்றை மூடு என்று அதிகாரி சொன்னால் மூடியாக வேண்டும் என்ற சட்டம் தெளிவாக இல்லை. நகராட்சிச் சட்டம், ஊராட்சிச் சட்டம், தொற்றுநோய்ச் சட்டம் எனத் துண்டுதுண்டாகக் கிடந்த விதிகளுக்குள் ஒவ்வொருவரும் பொறுப்பைத் தட்டிக்கழிக்க இடம் இருந்தது.

அதைப் போக்க வந்ததே சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். 1939-ஆம் ஆண்டின் 3-ஆம் சட்டம். இந்தியாவில் இவ்வகையில் தோன்றிய முதல் விரிவான சட்டம் இது. ஆங்கில நாட்டுச் சட்டங்களின் சாயல் இதில் உண்டு என்றாலும், இம்மண்ணின் தேவைகள் இதற்குள் இருக்கின்றன. குடிநீர், வடிகால், கழிப்பிடம், கொசு ஒழிப்பு, உணவுப் பொருள், தங்கும் விடுதி, தாய்சேய் நலம் ஆகிய அனைத்துக்கும் இதில் இயல்கள் உண்டு. குறிப்பிட்ட தொற்றுநோய் கண்டால் மருத்துவர் சுகாதார அதிகாரிக்கு அறிவித்தாக வேண்டும். நோயாளியைத் தனி மருத்துவமனைக்கு மாற்றவும், மாசுபட்ட நீர்நிலையைத் தடை செய்யவும், வீட்டைத் தூய்மைப்படுத்தவும் அதிகாரிக்கு உரிமை கிடைத்தது. திருவிழாக்களுக்கும் சந்தைகளுக்கும் தனி இயலே அமைந்தது: கூட்டம் கூடும் முன் குடிநீருக்கும் கழிப்பிடத்துக்கும் நோயாளிகளுக்கும் ஏற்பாடு செய்தாக வேண்டும். காவிரிக் கரையில் வளர்ந்த எவரும் அந்த இயலைப் படிக்கும்போது தம் ஊர்த் தேர்த்திருவிழாவைக் காண்பார்கள்.

எல்லாவற்றினும் துணிவான பிரிவு பணத்தைப் பற்றியது. ஒவ்வொரு நகராட்சியும் அரசு மானியம் நீங்கலான தன் வருவாயில் 30 விழுக்காட்டுக்குக் குறையாமல் பொதுச் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்றது சட்டம். நல்லெண்ணத்தை எண்ணிக்கையாக எழுதிய பிரிவு அது. வரி வருவாயே மெலிந்திருந்த சிறு நகரங்களில் 30 விழுக்காடு என்பது எத்தனை அணாவாகும் என்று கேட்கலாம். அந்தக் குறை சட்டத்தில் இல்லை, நாட்டின் வறுமையில் இருந்தது.

சட்டம் ஒருவர் எழுதிய கவிதை அன்று. இயக்குநர்களும் செயலர்களும் பல ஆண்டுகள் சேர்த்த குறிப்புகள் அதற்குள் இருக்கின்றன. ஆயினும், வரைவு நிலையிலேயே பல ஆண்டுகள் உறங்கக்கூடிய ஒன்றை இருபத்தேழு மாதமே நிலைத்த ஓர் அமைச்சரவை சட்டமாக்கியது என்றால், துறை அமைச்சருக்கு அதன் இன்றியமையாமை தெரிந்திருந்தது என்பதே காரணம். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அரசின் சட்டத்தை மீறிச் சிறை சென்றவர், மக்கள் மீறக்கூடாத ஒரு சட்டத்தை அவைக்குக் கொண்டுவந்தார். ஒருவனுடைய கிணற்றையும் வீட்டையும் உடலையும் அரசு தொடலாம் என்ற அதிகாரம் சிறியதன்று. அந்நியர் கையில் அதே அதிகாரம் இருந்தபோது 1897-இல் பூனாவில் பிளேக் சோதனைகள் கொலையில் முடிந்ததை நாடு மறக்கவில்லை. மக்கள் தேர்ந்த அவையின் வழியே வந்தபோது அதே அதிகாரம் பெரும் எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டது.

அதே காலத்தில் வேறு சிலவும் நடந்தன. டாக்டர் டேவிட் சவரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் தொடங்கிய காசநோய் மருத்துவ நிலையத்தை 1937-இல் அரசு ஏற்றது. இங்கிலாந்தில் கணித மேதை இராமானுஜனுக்கு மருத்துவம் பார்த்தவர் இவரே. இராயபுரத்தில் ராஜன் பயின்ற பள்ளி 1938-இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது. ஒரு மாணவர் தாம் படித்த பள்ளி கல்லூரியாவதை அமைச்சராக இருந்து காண்பது எல்லார்க்கும் வாய்ப்பதன்று. 1939 ஜூலை 8-இல் வைத்தியநாத ஐயர் அரிஜனங்களுடன் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் சென்றார்; அந்த நுழைவுக்குப் பாதுகாப்பளித்த ஆலயப் பிரவேசச் சட்டம் அந்த ஆண்டே வந்தது. அறநிலையத் துறை ராஜனிடம் இருந்தது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் தனிப்பந்தித் தீர்மானத்தில் விலகி நின்றவர் கோயில் கதவு திறந்தபோது திறந்தவர்கள் பக்கம் நின்றார்.

1939 அக்டோபர் இறுதியில் போரைக் காரணமாகக் கொண்டு காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியது. மை உலராத சட்டத்தை நடைமுறைப்படுத்தும் வேலை ஆளுநரின் ஆலோசகர்களிடம் போயிற்று. ராஜனுக்கு அதில் கைவைக்க வாய்ப்பில்லாமல் போனது அவர் வாழ்க்கையின் பெரிய இழப்பு என்று சொல்லத் தோன்றுகிறது.

அந்த ஓய்வுக் காலமே தமிழுக்கு ஆதாயமாயிற்று. 1944-இல் தமிழ்நாட்டில் காந்தி, 1946-இல் வ.வே.சு. ஐயர், 1947-இல் தன் வரலாறான நினைவு அலைகள் என நூல்கள் வந்தன. உ.வே. சாமிநாதையரின் என் சரித்திரம் வெளிவந்து தமிழில் தன் வரலாறு என்னும் வகை வேரூன்றிய காலம் அது. புலவர் அல்லாத ஒருவர், இலக்கணம் பற்றிய கவலை இல்லாமல், நோயாளியிடம் பேசும் குரலிலே எழுதிய உரைநடை ராஜனுடையது. வறுமை, குடும்பத்தின் ஆசாரம், கடல் கடந்த வாழ்க்கை ஆகியவற்றை ஒளிக்காமல் சொல்கிறார். ஐயரைப் பற்றிய நூலோ நண்பன் எழுதியது. குளத்தங்கரை அரசமரத்தின் ஆசிரியரை அருகிருந்து கண்டவரின் சான்று என்ற அளவில் அதற்கு இலக்கிய வரலாற்றில் தனி இடம் உண்டு.

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அமைச்சரவையில் அவர் உணவுத் துறையை ஏற்றார். பங்கீட்டு அரிசிக் காலம். பாராட்டுக் கிடைக்காத துறை. கஞ்சித்தொட்டி மருத்துவமனையில் தொழில் பயின்றவருக்குக் கடைசியில் கஞ்சியின் பொறுப்பே வந்து சேர்ந்தது. 1953-இல் அவர் மறைந்தார்.

அவர் பொறுப்பில் பிறந்த சட்டம் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் எனப் பெயர் மாறி நிலைத்தது. 1956-இல் மலபார் கேரளத்துடன் இணைந்த பின்னும், 2023-இல் அங்கே புதுச்சட்டம் வரும்வரை அப்பகுதியில் 1939-ஆம் ஆண்டுச் சட்டமே நடந்தது. 2020-இல் கொரோனா பரவியபோது, முகக்கவசம் அணியாதவரிடம் உடனே அபராதம் பெறுவதற்காகத் தமிழ்நாட்டு அரசு திருத்தியது இதே சட்டத்தைத்தான். அந்த ஆண்டு வைகாசியில் காவிரிக் கரைக் கோயில்களின் கதவுகள் தொற்றை அஞ்சி மூடியிருந்தன. திருச்சி கன்டோன்மென்டில் உப்பு யாத்திரை புறப்பட்ட இடத்தில் நினைவுத் தூண் நிற்கிறது.